அத்தானுக்காக அக்கா கட்டிய வேப்பிலை

சமயநல்லூர் செங்கல் சூளையில் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு மதுரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவன், எந்த வேலையிலும் தங்காதவன். போக்கிடம் செல்லூரில் அக்கா வீடு ஒன்றுதான். சந்துக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. அக்கா வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது.

“யாருக்குக்கா அம்மை?” என்று தெருவில் நின்றே கேட்டேன்.

“யாருக்கும் இல்லடா. கத்தாம பின்வாசல் வழியா வா. கை கால சோப்புப் போட்டுக் கழுவு.”

அக்கா வாடிப்பட்டிப் பக்கம் பிறந்தவர். அம்மா இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. நாற்று நட்டு என்னை வளர்த்தார். செல்லூரில் விசைத்தறி ஓட்டிய அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்கு முப்பத்தைந்து வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டன. வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவருடைய தம்பி கொடுத்த சிறுநீரகத்தை வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் அக்காவிடம் சொன்னார்: இந்த மாத்திரைகளால் நோயைத் தாங்கும் சக்தி குறையும். ஆறு மாதம் யாரும் கிட்டே வரக்கூடாது. அடுத்தவர் சளி ஒட்டினாலே உயிருக்கு ஆபத்து.

நம் சொந்தக்காரர்களை உங்களுக்குத் தெரியும், இன்று இங்கே கூடியிருக்கும் நீங்கள்தானே அவர்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பேசினால்தான் நோயாளியைப் பார்த்ததாக அர்த்தம். டாக்டர் பேச்சுக்கு நிற்கமாட்டீர்கள். வேப்பிலைக்கு நிற்பீர்கள். அதனால் அக்கா அதைக் கட்டினார்.

காய்ந்த இலையை எடுத்துப் பச்சை இலை கட்டுவது என் வேலையானது. அத்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு அடுப்படி வரை நடந்தார். தானே முகம் மழித்துக்கொண்டார். ரசம் சப்பென்று இருப்பதாக அவர் எரிந்து விழுந்த அன்று அக்கா சிரித்ததைப்போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் மாதம் அத்தானின் பெரியம்மா சோழவந்தானிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

“ஏண்டி, ஆத்தா எம்புட்டு நாளைக்குத்தான் இங்கயே இருப்பா? அவளுக்கு வேற வீடே கெடைக்கலையா?”

அக்கா நிலையை அடைத்து நின்றார். “ஆத்தா வரல அத்தை. நாந்தான் பொய்யாக் கட்டுனேன். உள்ள விட்டா ஒங்க புள்ள தங்காது. என்னைய வையணும்னா அங்க நின்னே வைங்க.”

“ஆத்தா பேரச் சொல்லியாடி எங்கள நிறுத்துன? நெஞ்சழுத்தக்காரி!”

வைதபடியே அவர் எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். “ஏய்யா! சாப்புடுறியா?” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

“சாப்புடுறேன் பெரியம்மா!”

“இம்புட்டுச் சத்தமாக் கத்துற, நல்லாத்தான் இருக்க!”

அதன்பிறகு நீங்கள் எல்லோரும் தெருவில் நின்றே பேசினீர்கள். நம் வீட்டு விஷயம் முழுவதும் சந்துக்குத் தெரிந்துபோனது, வருத்தமில்லை. அக்கா மட்டும் செவ்வாய்தோறும் வண்டியூர் மாரியம்மனிடம் போய், “பொய் சொன்னது நானு, அவரத் தொட்டுறாத” என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

போன வருஷம் மஞ்சள் காமாலையில் பதினொரு நாள் படுத்து அக்கா போய்விட்டார்; இன்று அவருக்குத் திதி. கடைசி நாளிலும் அத்தான் மாத்திரை போட்டாரா என்று கேட்டார். உறுப்பைக் கொடுத்த தம்பிக்கும், பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிய அத்தனை பேருக்கும் இந்தக் குடும்பம் கும்பிட்டு நிற்கிறது. அந்த மனிதர் இன்று உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அது அக்கா செய்த வேலை.

சிறுநீரகம் வைத்த எட்டாம் மாதம் ஒரு மாலை, அத்தான் முதன்முறையாகத் தனியாகத் தெப்பக்குளம் வரை போய்விட்டுத் திரும்பினார். தறித் தூசி அவருக்கு இனி ஆகாது.

“அங்க லாரி எடை போடுற எடத்துல ஆள் கேட்டாங்க. தனி ரூம்பு. காலையில வாரேன்னு சொல்லிட்டேன்.”

அக்காவின் முகம் வெளுத்தது. “இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே.”

“பூட்டி வச்சுக்கவா புள்ள என்னையப் பொழைக்க வச்ச?”

அக்கா, காலையில் அவருக்குத் தோசை ஊற்றிக் கொடுக்க அரிசியை ஊறப் போட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தான் எடைமேடையில் உட்கார்ந்தார். முதலில் வந்தது ஒரு மணல் லாரி. எடையைப் பார்த்து, சீட்டில் எழுதி, தன் பெயரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.