அக்காவின் நிறையைக் கூவிய காலை

உங்கள் அக்கா ஏன் நம் ஊர் கிளினிக்குக்குப் போவதில்லை என்று இரண்டு பேரும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அக்காவுக்கு இருப்பது சாப்பிடப் பயப்படும் நோய். அடமும் இல்லை, திமிரும் இல்லை. எலும்பு தெரிய மெலிந்த பிறகும் கண்ணாடியில் தன்னைக் குண்டாகத்தான் பார்த்தாள். அதற்கு வைத்தியம் செய்கிற டாக்டர் கண்டியில் இருந்தார். நம் பன்விலையிலிருந்து பஸ்ஸில் போய் வருவதற்குள் என் தோளில் மயங்கிச் சரிவாள். இனி இவ்வளவு தூரம் அலைவது ஆபத்து என்றார் அவர்.

அந்த நேரத்தில்தான் நம் கிளினிக் டாக்டரம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய டாக்டர்கள் ஊர் ஊராக வரமுடியாது, அதனால் காய்ச்சல், இருமல் பார்க்கிறவர்களுக்கே இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு உயிர் வந்தது.

"நிறை பாக்கும்போது அவ தராசுக்கு முதுகு காட்டி நிக்கட்டும். எவ்வளவுன்னு தெரிஞ்சா இன்னும் கொறைக்கத்தான் பாப்பா, அதனால அவகிட்ட சொல்லவே மாட்டோம்," என்றார் டாக்டரம்மா.

ஆனால் டாக்டரம்மா உள்ளே இருந்தார், தராசு வெளியே வரிசைக்கு முன்னால் இருந்தது. அங்கே நின்ற உதவியாளர் அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வழக்கம்போல அக்காவை ஏற்றி, கார்ட் எழுதுகிறவருக்குக் கேட்கும்படி நிறையைக் கூவினார்.

"என்னா புள்ள, இப்பிடி சிக்குனு இருக்க! அந்த வித்தைய எங்களுக்கும் சொல்லிக் குடேன்."

"நமக்கெல்லாம் தண்ணி குடிச்சாலே ஊதுது," என்றாள் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஒருத்தி. வரிசையே சிரித்தது.

அக்கா இறங்கி நேரே வெளியே நடந்தாள். டாக்டரம்மா ஓடிவந்து கூப்பிட்டும் திரும்பவில்லை.

"நான் என்னாங்க தப்பா சொன்னேன்? நல்லதத்தானே சொன்னேன்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. திட்டக்கூட முடியவில்லை. பயிற்சி நடந்த மண்டபத்தில் இவரும் உட்கார ஒரு கதிரை போட இடமில்லாமலா போயிற்று?

தராசை உள்ளே எடுத்துவிட்டோம், கூட்டிவாருங்கள் என்று பிறகு டாக்டரம்மா சொல்லியனுப்பினார். அக்காவிடம் சொன்னேன்.

"அந்தம்மா மேல கோவம் இல்லப்பா. அவங்க அப்பிடி சொன்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்திச்சி. மறுபடி போனா, அத கேக்கத்தான் போவேன்."

அதனால்தான் ஆபத்து என்று தெரிந்தும் அவளைக் கண்டி பஸ்ஸில் ஏற்றுகிறேன்.