கோமதி அக்காவிடம் கேட்ட தப்பான கேள்வி

கோமதி அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு வலி. கேஸ் டிரபிள் என்று சொல்லி ஒரு சோடா குடித்திருக்கிறார்... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருப்பார். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவர், அந்த பேட்ச்சில் ஒரே பெண்.

கடைக்கு வருபவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்பார்கள். தினமும் கேட்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன்.

"நான்தாங்க. வண்டிக்கு என்ன?"

என் ஸ்கூட்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்துகொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கண்ணுக்கு நேராக நீட்டினார். முனை முழுக்கக் கரி.

"பிளக்கு இப்படிக் கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி போகுது, காத்து கம்மியா வருதுனு அர்த்தம். ஏர் ஃபில்டரை எப்ப மாத்தினீங்க?"

எனக்கு ஏர் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அவரே மாற்றிவிட்டார். அதன் பிறகு என் வண்டி வேறு கடைக்குப் போனதில்லை.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

வேங்கிக்காலில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். மோட்டார் பிரிவுக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டர் தேவைப்பட்டபோது அக்காவிடம் சொன்னது நான்தான்.

நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருக்கு முட்டி போயிருந்தது. "நின்னு பாடம் நடத்துறதுனா நடத்திடுவேன். உக்காந்து எழுந்திரிக்கத்தான் முடியல" என்று சிரித்தார். சர்டிபிகேட் எல்லாம் லேமினேட் செய்துகொண்டு வந்தார்.

இன்டர்வியூ கேள்விகளை நெட்டில் பார்த்து எடுக்கச் சொல்லியிருந்தார் எங்கள் தாளாளர். ஏதோ ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, பதிலோடு டைப் செய்தேன். யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை.

தாளாளர் அதைப் பார்த்துப் படித்தார். "டீசல் வண்டியில ஸ்பார்க் பிளக்கை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்?"

"டீசல் வண்டியில ஸ்பார்க் பிளக்கே கிடையாதுங்க சார். காத்தை அழுத்துற சூட்டுலயே டீசல் பத்திக்கும். குளிர்ல ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக்குனு ஒண்ணு இருக்கும், அது வேற."

"பேப்பர்ல போட்டிருக்கேம்மா."

"பேப்பர் தப்பு சார்."

"வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே எதிர்த்துப் பேசினா எப்படிம்மா?"

நான் அந்த அறையில்தான் இருந்தேன், குறிப்பு எடுப்பதற்காக. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேப்பர் எப்படி வந்தது என்று தெரியும்.

அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு, இன்டர்வியூவில் தாளாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் இன்ஸ்ட்ரக்டரிடம் தனியாகக் கேட்டேன். "அந்தம்மா சொன்னதுதான் சரி" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீயே சொல்லியிருக்கலாமே? டைப் பண்ணது நீதானே?"

மறுநாள் முடிவுகளையும் நானே டைப் செய்தேன். கோமதி, தகுதி இல்லை. ஏதோ ஒரு கிலோமீட்டர் கணக்கை ஒப்பித்த பையனுக்கு வேலை.

அந்த மார்கழியில் எங்கள் டீசல் வேன் ஒரு காலை கிளம்பவே இல்லை. புது இன்ஸ்ட்ரக்டர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்... கடைசியில் அக்காவுக்குத்தான் போன் போட்டார்கள். வந்தார். ஏன் வந்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நாலு ஹீட்டர் பிளக்கில் ரெண்டு போயிருந்தது. மாற்றினார், வண்டி கிளம்பியது.

"ஸ்பார்க் பிளக் போயிடுச்சாம்மா?" என்றார் தாளாளர்.

"இது ஹீட்டர் பிளக்கு சார். ஸ்பார்க் பிளக்கு டீசல்ல கிடையாது. அன்னைக்கும் சொன்னேன்."

"ரெண்டும் பிளக்குதானேம்மா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொன்னேன். "அந்தக் கேள்வியை எடுத்தது நான்தாங்க்கா. தப்புனு அன்னைக்கே தெரியும்."

கையிலிருந்த வேலையை நிறுத்தாமல் கேட்டார். "லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப வந்து சொல்றீங்க. நான் என்னங்க பண்றது இதை வெச்சிக்கினு?"

"மன்னிச்சிடுங்க்கா."

"வண்டியை இனிமே வேற கடையில காட்டிக்கோங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் போகவில்லை. அந்த வழியாகப் போகும்போது வண்டியை முறுக்கிக்கொண்டு தாண்டிவிடுவேன்.

இன்று காலை அந்தத் தாளாளர் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். 'எங்கள் நிறுவனத்தின் நலம்விரும்பி, சாதனைப் பெண்மணி.' எங்கள் வேனுக்குள் குனிந்து அக்கா வேலை செய்யும் போட்டோ. கீழே வரிசையாகக் கும்பிடும் கை எமோஜிகள்.

நான் கீழ்பென்னாத்தூர் போனேன், அவர் வீட்டுக்கு. முட்டி வலித் தைலத்தின் வாசனை அந்த ரூமில் இன்னும் இருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. கையைப் புடவைக்குள் மூடியிருந்தார்கள்.

அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"அக்காகிட்டதான் வண்டி விடுவேன்" என்றேன்.

"உக்காருங்கம்மா. ரொம்ப தூரத்திலேருந்து வந்திருக்கீங்க" என்று அவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

உட்கார முடியவில்லை அக்கா. மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.