சித்தப்பாவின் தாடி

குத்துச்சண்டைக்காரர் முகத்தில் தாடி இருக்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது. நியாயமான விதிதான். தாடிக்குள் காயம் தெரியாது. இப்போது அதைத் தளர்த்திவிட்டார்கள் என்று கேள்வி. எங்கள் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

அப்போது அவர் கிள்ளானில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குவார், மாலையில் குத்துச்சண்டைப் பயிற்சி. மேடை ஏறும் முன் கண்ணை மூடி முருகனைக் கூப்பிடுவார். "அடி என் மேல விழாது லா, வேல் மேலதான் விழும்" என்பார். ஜெயித்த சண்டைகளில் அது உண்மையாகவே இருந்தது. தோற்றவற்றுக்கு யாரும் சாமியிடம் விளக்கம் கேட்கவில்லை.

அந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். எதிராளி ஒரு ராணுவக்காரர். அவரிடம் அரையிறுதியில் அடி வாங்கியவர் தாடை உடைந்து, ஸ்ட்ராவில் கஞ்சி குடிப்பதாகப் பேச்சு. சித்தப்பா தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டு விரதத்தில் இருந்தார். சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, சவரம் கிடையாது.

போட்டியன்று காலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எடை பார்த்தார்கள். அப்பா என்னையும் கூட்டிப்போயிருந்தார். எடை சரியாக இருந்தது. மேசையிலிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, சண்டைக்கு வந்தியா, சாமியாராப் போறியா? போய் ஷேவ் பண்ணிட்டு வா."

"காவடி எடுக்கறேன் அங்கிள். விரதம்."

"ரூல் ரூல்தான் லா. தாடியோட ரிங்ல ஏத்த மாட்டேன்."

அப்பா எதிர்க்கடைக்கு ஓடிப்போய் ரேசரோடு வந்தார்.

"முடி திரும்ப வளரும்டா. பைனல் திரும்ப வருமா? முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

சித்தப்பா குழாயடிக்குப் போய் முகத்தை நனைத்தார். ரேசர் பிடித்த கை நடுங்கியது. சாமிக்குப் பயந்துதான் நடுங்குகிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணாம் சித்தப்பா! சாமி கண்ணக் குத்தும்!"

மண்டபமே சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. ரேசரை வைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா அண்ணே? சின்னப்புள்ள வாயில வந்துருச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

ராணுவக்காரர் சண்டை போடாமலே ஜெயித்தார். ஆனால் கிள்ளானில் மாலை சித்தப்பாவுக்குத்தான். பதக்கத்தைவிட பக்தி பெரிது என்று காட்டியவர் எனக் கோயில் தலைவர் பேசினார்.

நான் பின்னாளில் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்த்தே தலை நரைத்தவள். விதி நன்றாகத் தெரிந்தவர் தவறாக விண்ணப்பித்தால், அவருக்கு வேண்டியது மறுப்புதான். சித்தப்பா அதற்கு முன் எத்தனையோ முறை வழவழவென்று சவரம் செய்துகொண்டு எடை பார்த்தவர். காவடிக்கு நேர்ந்துகொண்டதோ, எதிராளி யாரென்று தெரிந்த மறுநாள்.

தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலில் அவர் கன்னத்தில் வேலைச் செருகினார்கள். இமைகூட அசையவில்லை. அது வலிக்காது என்று முருகன் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ராணுவக்காரரிடம் அப்படியொரு வாக்கை யாரும் வாங்கித் தரவில்லை.

ஏழு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சித்தப்பாவின் விரதத்தைக் காப்பாற்றியவள் நான்தான் என்ற மிதப்பில், கூட்டத்தைக் கையால் விலக்கிவிட்டபடி, அவர் காவடிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன்.