அவருக்குப் பதில் நான் பேசினேன்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் கிள்ளான் நகரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் வேலை.

நான் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆங்கிலம், மலாய் இரண்டும் சரளம். அவர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், பேச்சும் குறைவு. அதனால் எந்த கிளினிக்கிலும் டாக்டர் அவரைக் கேட்பார், நான் பதில் சொல்வேன். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அதில் ஒரு பெருமை வேறு!

அந்த வருஷம் அவருக்கு மூக்கடைப்பு வந்தது, போகவே இல்லை. மரத்தூள் ஒரு பக்கம்; வேலை விட்டு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது இன்னொரு பக்கம். வேறென்ன இருக்கப் போகிறது? "சைனஸ், டாக்டர்" என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுவேன். மாத்திரை கொடுப்பார்கள். நாலு நாள் தேவலாம், பிறகு மறுபடியும் அதே கதை. இப்படி மூன்று கிளினிக், ஆறு மாதம். "தலைய நனைக்காதீங்கன்னு சொன்னா கேக்குறீங்களா?" என்று தினமும் ஏசுவேன். பாவம், மனிதர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

பிறகு மேல் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. பிடுங்கிவிடலாம் என்று பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இளம் வயதுத் தமிழ்ப் பெண். பல்லை நெடுநேரம் பார்த்தார்.

"பல்லுல சொத்தையே இல்லியே. அண்ணே, வேற என்ன செய்யுது?"

"அவருக்கு சைனஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, கொஞ்சம் இருங்க லா. அண்ணன் சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. நேற்றுப் படித்து வந்த பெண், என்னை வாயை மூடச் சொல்வதா!

அவர் மெல்லச் சொன்னார். "வலது பக்கம் மட்டுந்தான் அடைக்குது, டாக்டர். சளியில அப்பப்ப ரத்தம் வரும். கன்னம் மரத்துப்போச்சு, சவரம் பண்ணா கத்தி படுறதே தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் சைனஸ்னு சொல்லிட்டியே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, என்னை நம்பித்தான் இருந்திருக்கிறார்.

டாக்டர் பல்லைத் தொடவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்து, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே சதை எடுத்துப் பார்த்தார்கள். சைனஸில் புற்றுநோய். அபூர்வமானதாம், ஆரம்பத்தில் சாதாரணச் சளி போலவே ஏமாற்றுமாம். ஒரே பக்கம் அடைப்பு, ரத்தம், மரத்த கன்னம் என்று கேட்டிருந்தால் எந்த டாக்டருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் என் குரல்தான்.

மேல் தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார், கண்ணும் தப்பியது. அந்தப் பல் டாக்டரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சு மூக்கில் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லவே நேரமாகும். புதிய டாக்டர்கள் புரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த பதிலாகவே இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். தெரியும் என்று நினைத்துத்தானே அவரை இழக்கப் பார்த்தேன்.