இங்கே குளமே கிடையாது

சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பளபளப்பான தாளில் புத்தகம் போடுகிறார்கள். சிவப்புச் செங்கல், வளைவு, மணிக்கூண்டு, கட்டிய வெள்ளைக்காரரின் படம். நானும் வாங்கிப் புரட்டியிருக்கிறேன். எதிலும் ஆவடிப் பக்கத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. வந்தாலும் எதைத்தான் படம் எடுப்பார்கள்? தண்ணீர் டேங்க்கையா, தொழிற்சாலை கேட்டையா? ஊர் என்றால் நிற்கிற கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமா, அது எதன்மேல் நிற்கிறது என்று யாரும் எழுத வேண்டாமா? யாரும் எழுத மாட்டார்கள். வயிற்றெரிச்சல் இருக்கிறவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். விளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஆள் வருவார். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அடுப்பு பற்றும், இன்னொரு முறை ஊதினால் ஆண்கள் சைக்கிளில் கிளம்புவார்கள். கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்த வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. இப்படி வளர்ந்த கூட்டத்துக்கு மனை வாங்க எப்படித் தெரியும்?

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எண்பதுகளின் நடுவில் அப்பாவும் அவருடைய செக்‌ஷன்காரர்களும் மனை பார்க்க அலைந்தார்கள். பட்டா இருக்கிறதா, பள்ளமா மேடா என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. அங்கே நின்றால் சங்கு கேட்கிறதா என்றுதான் கேட்டார்கள். சங்கு கேட்காத இடத்தில் எப்படித் தூங்கி எழுவது என்ற பயம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. புரோக்கர்கள் அதைப் புரிந்துகொண்டு, சங்கு ஊதும் நேரமாகப் பார்த்தே ஆட்களை அழைத்துப் போனார்கள்.

அப்பா அதற்காக லீவு போட்டார். லீவே போடாத மனிதர், அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சேக்காட்டுக்கு அப்பால், சித்திரை வெயிலில், ஏதோ ஒரு சாமி பெயர் வைத்த நகர். நகர் என்றால் சுண்ணாம்பு அடித்த கற்கள் மட்டும்தான். கண்ணுக்கெட்டிய வரை வெறும் தரை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதியச் சங்கு ஊதியது. காதுக்குப் பக்கத்தில் ஊதிய மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"இன்னா சார், காதுல உயுதா? வேற இன்னா வோணும்?" என்றார் புரோக்கர்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இடையில் ஒரு சுவரோ மரமோ இல்லாததால்தான் அப்படிக் கேட்கிறது, ஏன் ஒன்றுமே இல்லை என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு மட்டும் தோன்றியது. குனிந்து ஒரு நத்தைக்கூட்டை எடுத்தாள். வெடிப்பைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"இது குளம்லா?" என்று கேட்டாள்.

"கொளமா? இந்தப் பக்கம் கொளமே கெடயாதும்மா" என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், வயலுக்குப் பாயும் நீர்நிலை எவ்வளவு பெரிதானாலும் குளம்தான். சென்னைப் பக்கம் குளம் என்றால் கோயிலை ஒட்டிப் படிக்கட்டோடு இருப்பது. மற்றது ஏரி. அம்மா கேட்டது திருநெல்வேலிக் குளம், அவர் இல்லையென்றது மெட்ராஸ் குளம். இது ஏரிதானா என்று கேட்டிருந்தால் வாய் கூசாமல் பொய் சொல்லியிருப்பார். அந்தப் பொய்யாவது எங்களுக்குக் கிடைத்திருந்தால், திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்திருப்பார்.

அப்பா பி.எஃப். பணத்தைக் கொட்டி வீடு கட்டினார். குடிபோன வருஷமே ஐப்பசியில் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக அல்ல. குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கி, கூடத்துக்குள் தன் வீட்டுக்கு வருவதுபோல நிதானமாக வந்தது. சாமி அலமாரிக்குக் கீழே கெண்டைக் குஞ்சு நீந்தியது. அம்மா கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துச் சோறு பொங்கினாள். மனு கொடுக்கப் போன அப்பாவிடம், ஏரியில் வீடு கட்டினால் தண்ணீர் வராமல் பின்னே என்ன வரும் என்று ஒருவர் சிரித்தாராம். மனைக்கு முத்திரை குத்தியபோதும், கரண்ட் கொடுத்தபோதும், வீட்டு வரி வாங்கியபோதும் இந்த ஞானம் எங்கே போயிருந்தது என்று கேட்க அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த நகர் எப்படி வளர்ந்தது என்றால், மண் கொட்டி வளர்ந்தது. புதிதாகக் கட்டுகிறவர் பழைய வீட்டைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்டுவார். அவர் வீட்டுத் தண்ணீர் பழைய வீட்டுக்குப் போகும். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டின் தலைமேல் புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்குள் போவதற்குத் தெருவிலிருந்து படி இறங்க வேண்டியிருந்தது. ஏறிப் போகக் கட்டிய படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. வளர்ச்சி என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் அடுத்தவனை முக்குவது.

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டிலிருந்த அக்கா ஒருத்தி முகப்பேரில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தாள். அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப் போனேன். அம்மா பால்கனியை விட்டு நகரவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அங்க தண்ணி மேல வரணும்னா மோட்டார் போடணுமாம்ட்டி" என்றாள். அவ்வளவு ஆசையோடு அவள் வேறெதையும் சொல்லிக் கேட்டதில்லை. அதே கட்டடத்தில் இன்னொரு ஃப்ளாட் விலைக்கு வந்தது. இந்த வீட்டை விற்றால் அதை வாங்கலாம். அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்தார்.

கோடையில் ஒருவர் பார்க்க வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், அப்பாவின் செக்‌ஷனில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர், ரிட்டயர் ஆகப் போகிறவர். சுவரில் இடுப்பளவுக்கு இருந்த தண்ணீர்க் கறையின்மேல் அப்பா காவி பெயின்ட்டைப் பட்டையாக அடித்து வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தண்ணீர் ஏதும் நிற்குமா அண்ணாச்சி என்று அவர் கேட்டார். மழைக்குக் கொஞ்சம் ஈரம் காக்கும், வேறொன்றுமில்லை என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நிம்மதியாக இருந்தது. முகப்பேர் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

காபியோடு வந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்காதிய தம்பி. இந்தக் காவி இருக்க உசரத்துக்குத் தண்ணி நிக்கும். பிள்ளைகளை வச்சுக்கிட்டு நீங்க சீரழிஞ்சிருவிய."

அப்பா தரையைப் பார்த்தார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். மதினிக்கு வீட்டை விற்க மனசில்லை, அதனால் கதை கட்டுகிறார்கள் என்று செக்‌ஷனில் சொன்னாராம். ஒரு மாதத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மனையையே வாங்கினார். ஆனால் அம்மா சொன்னதில் பாதியை நம்பியிருக்க வேண்டும். லாரி லாரியாக மண் கொட்டினார். அவர் வீட்டுத் தரை எங்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அந்த மண் மேட்டைப் பார்த்ததுமே திரும்பிப் போனார்கள். முகப்பேர் ஃப்ளாட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

அவர் குடிவந்த வருஷத்துக் கார்த்திகையில் அவர் மனைத் தண்ணீரும் சேர்ந்து எங்களுக்கு வந்தது. காவிப் பட்டையைத் தாண்டி ஏறியது. அவர் ஓடி வந்து, அண்ணாச்சி, மதினி, மேலே வாருங்கள் என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். அவர் வீட்டு வராந்தாவில், அவர்கள் கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு, மூவரும் எங்கள் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அம்மா அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

அந்த ஒரு நாள் அம்மா பேசியதைத்தான் எங்கள் குடும்பத்தின் கௌரவம் என்று நான் மனதுக்குள் வைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் வைத்திருப்பார், ஒன்றுமில்லை விடு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

அப்பா, "ஆமா" என்றார்.