ஐந்தாம் வகுப்பு அறையில் யமுனா டீச்சர்

கடைசி இரண்டு பிள்ளைகளும் போன பிறகு, யமுனா டீச்சர் ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மாதம் வேலைக்குப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக இருந்த, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி அது. தொண்ணூற்றொன்றில் அவர் சேர்ந்தபோது இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள், ஏழு ஆசிரியர்கள். தெருமுனைக்குத் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வர ஆரம்பித்ததும் வருஷா வருஷம் குறைந்தது. கடைசியில் ஒரு கொத்தனாரின் மகளும் மகனும் மட்டும் மிஞ்சினார்கள். 2019 காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. சத்துணவு சமைத்த இருசம்மாளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். டீச்சருக்கு உத்தரவு வரவில்லை. வரும்வரை பள்ளியைத் திறந்துவைக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் பூட்டைத் திறப்பார். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். கரும்பலகையில் தேதி எழுதுவார். அதற்குக் கீழே பதிவு, வருகை என்று எழுதும் இடத்தில் முதல் நாள் இரண்டு சைபர் போட்டார். மறுநாளிலிருந்து தேதியோடு நிறுத்திக்கொண்டார். மத்தியானம் டிபன் டப்பாவின் மூடி கை தவறி விழுந்தால், அந்தச் சத்தம் ஐந்து அறைக்கும் போய்விட்டு வந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி சங்கடப்பட்டார்.

"எப்படிம்மா பொழுது போகுது?"

"போகுது சார்."

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதன்பின் இன்னொரு பள்ளியில் மாற்றுப்பணி. அங்கேயே ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தியவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

திருவானைக்காவலில் அவர் இருந்த வாடகை வீட்டிலும் பேச ஆளில்லை. நாற்பத்தோரு வயதில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த பிச்சமுத்து, மனைவியை இழந்தவர். அவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகன், செந்தமிழன். பையன் டீச்சரை 'சித்தி' என்றான். மரியாதைக்குக் குறைவில்லை; அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. எட்டு வருஷத்தில் பிச்சமுத்து மாரடைப்பில் இறந்தார். காரியம் முடிந்த மாதமே செந்தமிழனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான். அங்கேயே கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தது; போனில் 'பாப்பா' என்றுதான் சொல்லுவான். தானாக அவனைக் கூப்பிட டீச்சருக்குத் தயக்கம். எந்த உரிமையில் கூப்பிடுவது?

போன வருஷம் ஆன்சி என்ற பெண் அவரைத் தேடி வந்தாள். சமூகப்பணி படித்தவள். பூட்டிக் கிடந்த பள்ளியை நிர்வாகக் குழு ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்திருந்தது. அதைப் பகுதி மக்களுக்கான குடும்ப மையமாக மாற்றும் பொறுப்பு அவளுடையது.

"அந்தக் கட்டடத்தப் பத்தித் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்கன்னு சொன்னாங்க டீச்சர். தண்ணி டேங்க் வால்வு எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியல."

"வேப்பமரத்துக்குப் பின்னால. மண்ணு மூடியிருக்கும், தோண்டிப் பாருங்க" என்றார் டீச்சர். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மூன்று நாள் வீட்டிலேயே இருந்தார். நான்காம் நாள் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போனார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். முற்றத்தில் பார்த்தீனியச் செடிகளை வெட்டிக் குவித்திருந்தார்கள். ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புச் சுவரில் அவர் எழுதிவைத்த உயிரெழுத்துகளை ஒரு பெயிண்டர் சுரண்டிக்கொண்டிருந்தான். 'ஔ' மட்டும் பாக்கியிருந்தது. டீச்சர் அதையும் சுரண்டி முடிக்கும்வரை பார்த்துவிட்டு, உள்ளே போய் மின்சார மீட்டர் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டினார்.

ஒன்றாம் வகுப்பு, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமானது. இரண்டாம் வகுப்பில் தையல் மெஷின்கள் வந்தன. மூன்றாம் வகுப்பில் வாரம் ஒருநாள் ஒரு வக்கீல் அம்மா உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்பு எதற்கு என்று டீச்சர் கேட்டார்.

"புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சிருப்பாங்கல்ல டீச்சர், புள்ள ஒருத்தர்கிட்ட இருக்கும். இன்னொருத்தர் வாரத்துக்கு ஒருதடவ வந்து பாக்கணும். போலீஸ் ஸ்டேஷன்ல, கோர்ட்டு வராண்டாவுல எல்லாம் பாக்க வேணாமேன்னுதான் இந்த ரூம்" என்றாள் ஆன்சி. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பொதுவா ஒரு ஆள் கூட இருக்கணும். பேச வேண்டாம், சும்மா உட்காந்திருந்தா போதும். சனிக்கிழமை மட்டும்."

சும்மா உட்கார்ந்திருப்பது டீச்சருக்குப் பழகிய வேலைதான். சரி என்றார்.

முதலில் வந்தது நவ்ஷாத். சிங்காரத்தோப்பில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அவன் மகள் ஆலியாவுக்கு ஆறு வயது. மனைவி பஸீலா பிரிந்துபோய் லால்குடியில் அம்மா வீட்டில் இருந்தாள். பத்து மணிக்கு மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பன்னிரண்டு வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பாள்.

ஆலியா நேராக மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நவ்ஷாத் குனிந்து, "சாப்ட்டியாம்மா?" என்றான். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி, "சாப்ட்டியா?" என்றான். அவனுக்கு வேறு கேள்வி வரவில்லை. இரண்டு மணி நேரமும் இப்படியே போயிற்று. அடுத்த வாரமும் அப்படித்தான். பேசக் கூடாது என்பதால் டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

மூன்றாவது வாரம் நவ்ஷாத் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான். பழைய போன் ஒன்றை எடுத்து, ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற ஆரம்பித்தான். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து, கழற்றிவைத்த திருகு ஒன்றை எடுத்துக்கொண்டது.

பிறகு ஐந்து வாரம் ஆலியா வரவில்லை. பஸீலாவின் போன் அணைந்திருந்தது. நவ்ஷாத் வந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிவரை அந்த அறையில் உட்கார்ந்துவிட்டுப் போனான். பிள்ளை இல்லாதபோது டீச்சர் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் இருந்தார்.

பிள்ளை வராத நான்காவது வாரம் நவ்ஷாத் கேட்டான்: "டீச்சரம்மா, உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

இந்தக் கேள்விக்கு டீச்சர் எப்போதும் "இல்லைங்க" என்றுதான் சொல்லுவார். அன்று, "ஒரு பையன். ஓசூர்ல இருக்கான்" என்றார்.

"அடிக்கடி வருவாரா?"

"நான் கூப்பிட்டதில்ல."

நவ்ஷாத் ஆச்சரியமாகப் பார்த்தான். "ஏங்க?"

தன் மகள் வராத அறைக்கு வாரக்கணக்கில் வந்துபோகிற ஒருவனிடம் என்ன காரணம் சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் செந்தமிழனுக்குப் போன் செய்தார்.

"என்ன சித்தி? உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" பதறிப்போய்க் கேட்டான்.

"இல்லப்பா. சும்மாதான்."

"பணம் கிணம் எதும் அனுப்பணுமா?"

"வேண்டாம்பா. எப்படி இருக்கேன்னு கேக்கத்தான்."

அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். "நல்லாருக்கேன் சித்தி" என்றான். பிறகு, "யமுனாவுக்குப் பரீட்சை நடக்குது" என்றான்.

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு. வீட்ல நிலான்னு கூப்பிடுறோம். ஸ்கூல்ல யமுனா. அப்பா ஆசப்பட்டாரு, பொண்ணு பொறந்தா உங்க பேர் வெக்கணும்னு. உங்ககிட்ட சொன்னதில்லையா நான்?"

சொன்னதில்லை. குழந்தைக்கு ஏழு வயது. டீச்சர் போனை வைத்தபின் நெடுநேரம் சமையலறையில் நின்றார். சந்தோஷம் வந்தது. ஏழு வருஷம் போய்விட்டதே என்ற துக்கம் அதைவிடப் பெரிதாக வந்தது.

ஆறாவது வாரம் பஸீலா வந்தாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதமாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டாளாம். "இவரு வருவாருன்னு நான் நினைக்கலீங்க" என்று ஆன்சியிடம் சொன்னாள். ஐந்து வாரமும் அவன் வந்து உட்கார்ந்திருந்ததை ஆன்சி சொன்னதும், வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஆலியா மேஜைக்கு அடியில் போகவில்லை. "அத்தா, அந்த போனு எங்க?" என்றாள்.

நான்கு மாதத்தில் இரண்டு பக்கத்து வக்கீல்களும் பேசி ஒப்புக்கொண்டார்கள். இனி நவ்ஷாத் மகளை வெளியே அழைத்துப் போகலாம். இந்த அறை தேவையில்லை. கடைசி நாள் அவர்கள் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். நவ்ஷாத், "வரேங்க டீச்சரம்மா. எங்களுக்காக துஆ செய்ங்க" என்றான். ஆலியா கையாட்டினாள், மரத்தடியில் படுத்திருந்த நாய்க்கு. டீச்சரின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவர் அவளோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

டீச்சர் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது ஆன்சி வந்தாள்.

"புதுசா ரெண்டு குடும்பம் வருது டீச்சர். ஒண்ணு ஞாயித்துக்கிழமதான் முடியுமாம். உங்களுக்கு வீட்ல வேலை இருக்கும்ல?"

"என்ன வேலை? வரேன்" என்றார் டீச்சர். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "மே மாசம் மட்டும் ஒரு வாரம் வர முடியாது. ஓசூருக்குப் போனாலும் போவேன்" என்றார்.

"போறீங்களா, இல்லையா டீச்சர்?"

"அவன் இன்னும் கூப்பிடலம்மா" என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போனார்.