மூன்று படி உயரம்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பேஸ்மட்டம் போட்ட அன்று, செங்கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் செல்வி என்னிடம் வந்தாள்.

"இன்னாண்ணா, தரைய இவ்ளோ கீழ போடுறே? ரோட்ட ஏத்திகினே போறானுங்கோ. இன்னும் மூணு படி ஒசத்து."

"நீ என்ன இன்ஜினியரா? வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவிதான் பிடிவாதமாக மூன்று படி உயர்த்த வைத்தாள்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் பேய்மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். எங்கள் வாசலில் அது இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரில் நடந்து வந்த செல்வி, உள்ளே வரத் தயங்கி நின்றாள்.

"வாம்மா, நீதான் பால் காய்ச்சணும்" என்றேன்.

பால் பொங்கி வழிந்தது. "வூடு சும்மா ஜம்முனு கீதுண்ணா!" என்று சிரித்தாள்.

இப்போதும் வீட்டைப் பார்ப்பவர்கள், "இன்ஜினியர் யாருங்க?" என்று கேட்கிறார்கள். நான் செல்வியின் பெயரைத்தான் சொல்கிறேன்.